கையில் 4 லட்சம்: வீட்டுக் கடனை அடைப்பதா, சேர்த்து வைப்பதா?

கேள்வி: வீட்டுக் கடன் 30 லட்சம் வாங்கினோம். 20 வருடத் தவணை, மாறும் வட்டி, இப்போது 8.5 சதவீதம். மாதாமாதம் 26,035 வீதம் 5 வருடம் கட்டிவிட்டோம். 15 லட்சத்துக்கு மேல் கட்டிய பிறகும் பாக்கி 26.4 லட்சம் என்கிறது வங்கி. இப்போது கையில் 4 லட்சம் சேர்ந்திருக்கிறது. செலவெல்லாம் போக மாதம் 12,000 மிஞ்சும். மொத்தத்தையும் கடனில் கட்டி, சீக்கிரம் முடித்துவிட்டு நிம்மதியாக இருப்போம் என்கிறார் கணவர். பெரியவன் 5 வருடத்தில் கல்லூரிக்குப் போவான். அவசரத்துக்கு என்று வைத்திருப்பது 60,000 மட்டும். கிரெடிட் கார்டில் 45,000 பாக்கி, மாதம் 3 சதவீத வட்டி. கணவரின் ஓய்வுக்கால நிதியில் நாங்கள் கூடுதலாகப் போட்டால் மாதம் 2,000 வரை நிறுவனமும் அதே அளவு போடுமாம், இதுவரை போடவில்லை. வீட்டுச் செலவு மாதம் 32,000. யார் சொல்வது சரி?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: வட்டிக் கணக்கில் உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. 8.5 சதவீதக் கடனை வைத்துக்கொண்டு 7 சதவீத டெபாசிட்டில் பணம் போட்டால் நஷ்டம். அந்த 7 சதவீதத்துக்கு 20 சதவீத வரி கட்ட வேண்டியிருந்தால் கையில் நிற்பது 5.6தான். கடனில் கட்டும் பணமோ, இன்றைய வட்டி நீடிக்கும்வரை, வருடத்துக்கு 8.5 சதவீதத்தை நிச்சயமாக மிச்சப்படுத்தும். (கடன் வட்டிக்கு வரிச்சலுகை வாங்குகிறீர்கள் என்றால் அந்த அளவைக் கழித்துப் பாருங்கள்.) இதில் அவரோடு வாதாட ஒன்றுமில்லை.

அவர் பார்க்கத் தவறியது வேறொன்று. 4 லட்சத்தை இன்று கட்டினால், தவணைத் தொகை மாறாமல் இருக்கும்பட்சத்தில், மீதமுள்ள 180 தவணை 134 ஆகும். வெட்டுப்படும் 46 தவணையும் கடைசியில் வருபவை. அடுத்த மாதத் தவணை அதே 26,035, அதே தேதி. ஆறு மாதம் கழித்து அவருக்கு வேலை போனாலும், வீட்டில் ஒருவர் மருத்துவமனையில் படுத்தாலும், "ஆறு மாதம் முன்புதானே 4 லட்சம் கட்டினேன், அதில் கழித்துக்கொள்ளுங்கள்" என்று வங்கியிடம் கேட்க முடியாது. சாதாரண வீட்டுக் கடனில் கட்டிய பணம் திரும்பி வராது. புதிதாகக் கடன் கேட்கலாம். ஆனால் சம்பளம் நின்றவருக்கு எந்த வங்கியும் சுலபமாகக் கொடுக்காது.

அவர் திட்டத்தை முழுதாகவே ஓட்டிப் பார்ப்போம். இன்று 4 லட்சம், பிறகு மாதம் 12,000 கூடுதல் என்று கட்டினால் கடன் 77 மாதத்தில், அதாவது 6 வருடம் 5 மாதத்தில் முடிந்துவிடும். அருமையான வேகம். ஆனால் உங்கள் மகன் கல்லூரியில் சேருவது 60-ஆவது மாதம். அன்று கடன் பாக்கி இன்னும் சுமார் 6 லட்சம் இருக்கும். கையில் பழைய 60,000 தவிர எதுவும் இருக்காது. கட்டணத்துக்கு வேறு கடன்தான் வாங்க வேண்டும். அது தனிநபர் கடனாக இருந்தால் பெரும்பாலும் வீட்டுக் கடனைவிட அதிக வட்டியில்தான் கிடைக்கும். கடனிலிருந்து விடுபட நினைத்து, அதைவிட விலை கூடிய கடனில் போய் நிற்பீர்கள்.

ஆகவே வரிசையை மாற்றுங்கள். முதலில் கார்டு பாக்கி. மாதம் 3 சதவீதம் என்பது, வட்டிக்கு வட்டி சேர்ந்து, வருடத்துக்கு 42 சதவீதத்துக்கு மேல் போகிறது. மாதம் 1,350 வட்டியாகவே கரைகிறது. மினிமம் தொகையை மட்டும் கட்டிக்கொண்டே வீட்டுக் கடனில் கூடுதலாகக் கட்டுவது, 42 சதவீதக் கடனை வாழவைத்து 8.5 சதவீதக் கடனைக் கொல்வதுதான். 45,000-ஐயும் ஒரே தடவையில் அடையுங்கள்.

அடுத்தது கையிருப்பு. உங்கள் வீட்டுச் செலவும் தவணையும் சேர்ந்தால் மாதம் 58,000. ஆறு மாதத்துக்கு 3.5 லட்சம். பலர் இந்தக் கணக்கில் தவணையைச் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். சம்பளம் நிற்கும் நாளில் முதலில் கழுத்தைப் பிடிப்பது அதுதான். இருக்கும் 60,000 போக இன்னும் 2.9 லட்சம் வேண்டும். அதை நினைத்த நாளில் எடுக்கக்கூடிய டெபாசிட்டில் வையுங்கள், பங்குச் சந்தையில் வேண்டாம். வேலைவாய்ப்பு சரியும் காலமும் சந்தை சரியும் காலமும் சேர்ந்தே வருவதுண்டு. உங்கள் வங்கியில் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக் கடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள். அதில் போட்டு வைக்கும் பணத்துக்கு அன்றன்றே கடன் வட்டி குறையும், வேண்டும்போது திரும்ப எடுக்கவும் முடியும். இந்த வகைக்கு வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கலாம். மொத்தக் கடனுக்கும் ஏறும் அந்தக் கூடுதல் வட்டியையும், 3.5 லட்சத்துக்கு மட்டும் கிடைக்கும் மிச்சத்தையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். 26 லட்சத்துக்குக் கால் சதவீதம் என்றாலே வருடத்துக்கு 6,500.

இப்போது 4 லட்சத்தில் மிஞ்சுவது 65,000. இதைத் தாராளமாகக் கடனில் கட்டுங்கள்.

மாதம் 12,000-ஐ இப்படிப் பிரிக்கச் சொல்வோம்: ஓய்வுக்கால நிதிக்கு 2,000, மகன் படிப்புக்கு 5,000, கடனுக்கு 5,000. முதலாவதில் யோசிக்க எதுவுமில்லை. நீங்கள் போடும் அன்றே நிறுவனம் அதை இரண்டு மடங்காக்குகிறது. எந்தக் கடனை அடைத்தாலும் அந்த லாபம் கிடைக்காது, விட்ட மாதத்தைத் திரும்பப் பிடிக்கவும் முடியாது. படிப்புக்கான 5,000, 7 சதவீத வளர்ச்சியில் 5 வருடத்தில் சுமார் 3.6 லட்சமாகும். முழுச் செலவுக்கும் அது போதாமல் போகலாம். ஆனால் சேர்க்கை நாளில் கையில் ரொக்கம் இருக்கும்.

இனி கடனைப் பாருங்கள். இன்று 65,000, பிறகு மாதம் 5,000 கூடுதல். 180 தவணை 126 ஆகிறது: 54 தவணை குறைவு, வட்டியில் சுமார் 7.2 லட்சம் மிச்சம். 4 லட்சத்தை ஒரே அடியாகக் கட்டி, பிறகு கூடுதலாக எதுவும் கட்டாமல் விட்டால் குறைவது 46தான். இந்த வழியில் 126 மாதத்தில் நீங்கள் கூடுதலாகப் போடும் மொத்தம் 4 லட்சத்தைத் தாண்டும் என்பது உண்மை. ஆனால் அது ஒரே நாளில் உங்கள் கையைக் காலியாக்குவதில்லை. 77 மாதத்தில் முடிக்கும் கணவரின் வேகம் இதில் கிடைக்காது. பத்தரை வருடம் ஆகும். அந்த நாலு வருட இடைவெளிதான் நீங்கள் பாதுகாப்புக்குக் கொடுக்கும் விலை. எங்கள் கருத்தில் கொடுக்கத் தகுந்த விலை.

கடன் கணவர் பெயரில் என்றால், பாக்கித் தொகைக்குக் குறையாத டெர்ம் இன்ஷூரன்ஸ் (குறிப்பிட்ட காலத்துக்குள் இறந்தால் குடும்பத்துக்குப் பணம் தரும் ஆயுள் காப்பீடு) அவருக்கு இருக்கிறதா? இல்லையென்றால் கார்டு வட்டியாகப் போய்க்கொண்டிருந்த 1,350-ஐ அதற்குத் திருப்புங்கள். மருத்துவக் காப்பீடு அலுவலகம் தருவது மட்டும்தான் என்றால் வேலை போகும் நாளில் அதுவும் போய்விடும். சொந்தமாக ஒன்று வேண்டும்.

பணம் கட்டும்போதுதான் பல இடங்களில் தவறு நடக்கிறது. சும்மா கடன் கணக்கில் 65,000 போட்டுவிட்டால், சில வங்கிகள் அதை வரப்போகும் தவணைகளுக்கான முன்பணமாக வைத்துக்கொள்ளும்; அசல் குறையாது. "அசலில் கழிக்கவும், தவணையை மாற்றாமல் காலத்தைக் குறைக்கவும்" என்று எழுத்தில் கொடுங்கள். இரண்டாவது பாதியை நீங்கள் விட்டுவிட்டால், வங்கி தவணையைக் குறைத்துக் காலத்தை அப்படியே வைத்துவிடலாம். வித்தியாசம் சிறிதல்ல: அதே 4 லட்சத்துக்குக் காலத்தைக் குறைத்தால் வட்டி மிச்சம் சுமார் 8 லட்சம், தவணையைக் குறைத்தால் (26,035 என்பது சுமார் 22,100 ஆகும்) மிச்சம் 3 லட்சம்தான். கட்டிய பிறகு புதிய தவணை அட்டவணையைக் கேட்டு வாங்கி, கடைசித் தவணைத் தேதி நகர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

முன்கூட்டிக் கட்டினால் அபராதம் உண்டா என்று ஒப்பந்தத்தைப் பாருங்கள். நிலையான வட்டிக் காலத்தில் இது அதிகம். 2 சதவீத அபராதம் என்றாலும் 8.5 சதவீத வட்டி மூன்று மாதத்துக்குள் அதை ஈடுகட்டிவிடும். ஆனால் அபராதக் காலம் அடுத்த மாதமே முடிகிறது என்றால் பொறுத்திருந்து கட்டுங்கள்.

மாறும் வட்டியில் இன்னொரு கவனம் வேண்டும். வட்டி 9.5 ஆனால் பல வங்கிகள் தவணையை ஏற்றாமல் காலத்தை நீட்டிவிடும். உங்கள் பாக்கிக்கு 180 தவணை சத்தமில்லாமல் 207 ஆகும். வருடம் ஒருமுறை மீதித் தவணை எத்தனை என்று பாருங்கள். அதே கையோடு, புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு என்ன வட்டி என்று விசாரியுங்கள். அரை சதவீதம் குறைத்து வாங்கினாலே தவணை மாறாமல் 10 மாதம் மிச்சம். வட்டி மாற்றும் கட்டணத்தையும் அதில் கழித்துப் பாருங்கள்.

மாதம் 5,000-ஐத் தவணையோடு சேர்த்து 31,035 என்று நிரந்தரமாக ஏற்றிவிட வேண்டாம். ஏற்றிய தவணை கடமையாகிவிடும். நெருக்கடி வரும் மாதத்தில் குறைக்க வங்கியிடம் மன்றாட வேண்டியிருக்கும். தவணை 26,035 ஆகவே இருக்கட்டும், 5,000-ஐத் தனியாக அசலில் கட்டுங்கள். இவ்வளவு சிறிய தொகையை வாங்க வங்கி மறுத்தால் ஆறு மாதம் சேர்த்து 30,000 ஆகக் கட்டலாம். காத்திருப்பதால் கூடும் வட்டி அந்த ஆறு மாதத்துக்குச் சுமார் 530தான். கையிருப்பிலிருந்து எடுக்க நேர்ந்தால், அது திரும்ப 3.5 லட்சம் ஆகும்வரை இந்த 5,000 அங்கே போகட்டும்.