முன்பணம் கட்டுவதற்கு முன் லிஃப்ட் ஓடும் நாளைப் பாருங்கள்

கேள்வி: ஆகஸ்ட் 30 முதல் செப்டம்பர் 12 வரை பிரான்சின் லே ஜே, மோர்சீன் பக்கம் பைக் பார்க்குகளில் மலைச் சைக்கிள் ஓட்ட நாலு பேர் கிளம்புகிறோம். தங்குமிடம், லிஃப்ட் பாஸ், வாடகை சைக்கிள், காப்பீடு எல்லாவற்றையும் ஒரே கட்டணத்தில் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். முன்பணம் கட்டிவிடலாமா? என்னுடைய மின்சைக்கிளை விமானத்தில் கொண்டுபோக முடியுமா?

பதில்: பணத்தை இப்போதைக்குக் கையிலேயே வைத்திருங்கள். உங்கள் தேதியிலேயே சிக்கல் இருக்கிறது.

அந்தப் பகுதிக்குப் போர்த் து சொலெய் என்று பெயர். பிரான்சிலும் சுவிட்சர்லாந்திலுமாக 12 ஸ்கீ (பனிச்சறுக்கு) ஊர்கள் சேர்ந்தது. குளிர்காலத்தில் பனிச்சறுக்குக்காரர்களை மலைமேல் ஏற்றுவது லிஃப்ட், அதாவது கம்பிவடத்தில் ஓடும் நாற்காலியும் கூண்டும். கோடையில் அதே லிஃப்டில் சைக்கிளோடு மேலே போய், இறக்கத்தில் ஓட்டி வரலாம். ஆனால் ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் முடியும் வரைதான் முழு வீச்சு. செப்டம்பர் பிறந்ததும் லிஃப்ட்கள் ஒவ்வொன்றாக நிற்கும். சில, வார இறுதியில் மட்டும் ஓடும். இரண்டு ஊர்களை இணைக்கும் லிஃப்ட் நின்றால் அடுத்த ஊருக்கு மிதித்துத்தான் ஏற வேண்டும். இறக்கத்துக்கென்றே செய்த டவுன்ஹில் சைக்கிளை மேட்டில் மிதித்துப் பார்த்தவர்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

"சீசன் செப்டம்பர் வரை" என்று முகவர் சொல்வது பொய்யில்லை, சாமர்த்தியம். எந்த லிஃப்ட் எந்த நாள் வரை ஓடும் என்று அவரிடம் எழுத்தில் கேளுங்கள். பேச்சை மாற்றினால் விட்டுவிடுங்கள். அந்தந்த ஊரின் கால அட்டவணையை நீங்களே பார்ப்பது நல்லது. பன்னிரண்டு ஊருக்கும் சேர்த்துத் தெளிவாக ஒரே தாளில் போட்டால் என்ன குறைந்துவிடும் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. முடிந்தால் பயணத்தையே இரண்டு வாரம் முன்னால் நகர்த்துங்கள்.

காப்பீட்டில்தான் பலர் விழுகிறார்கள். "மலைச் சைக்கிள் உண்டு" என்று கொட்டை எழுத்தில் இருக்கும். "லிஃப்டில் ஏறி ஓட்டும் டவுன்ஹில் நீங்கலாக" என்று பொடி எழுத்தில் இருக்கும். அதையும் தாண்டி ஒன்று. உங்கள் பாலிசியில் பிரான்ஸ் மட்டும் இருந்தால், மலை முகட்டைத் தாண்டி மோர்ஜன் அல்லது ஷாம்பேரிக்குள் இறங்கும் நிமிடம் நீங்கள் சுவிட்சர்லாந்தில் இருப்பீர்கள். பாதையில் வேலி இருக்காது, காவலர் நிற்க மாட்டார், பாஸும் அதேதான். அங்கே தோள்பட்டை எலும்பு உடைந்தால் மட்டும் அது வேறு நாடு. ஹெலிகாப்டர் வந்தால் பில்லும் வரும். அதனால் பாலிசியில் இரண்டு நாட்டின் பெயரும் இருக்கிறதா என்று பாருங்கள். "ஐரோப்பா" என்று போட்டிருந்தால் அதில் சுவிட்சர்லாந்து அடங்குமா என்றும் கேட்டுவிடுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது இல்லை.

மின்சைக்கிளை மறந்துவிடுங்கள். 160 வாட்-மணிக்கு மேல் கொள்ளளவுள்ள லித்தியம் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் ஏற்ற மாட்டார்கள்; உங்களுடையது அநேகமாக அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சைக்கிளை மட்டும் கொண்டுபோய் என்ன செய்யப் போகிறீர்கள்? அங்கேயே வாடகைக்கு எடுங்கள், முழுமுகத் தலைக்கவசத்தையும் சேர்த்து. கடையை விட்டு நகரும் முன் சைக்கிளின் சட்டகம் (ஃபிரேம்), சக்கர விளிம்பு, பிரேக் டிஸ்க் எல்லாவற்றையும் கடைக்காரர் முன்னிலையிலேயே படம் எடுத்துவிடுங்கள். பழைய கீறலுக்குப் புதிய சைக்கிள் விலை கேட்கும் கடைகளும் உண்டு.