'லீப்' என்ற ஆங்கில வினைச்சொல்லை எங்கெல்லாம் பயன்படுத்தலாம்? 'ஜம்ப்' என்பதும் அதுவும் ஒன்றா?

ஒன்றல்ல. இரண்டுக்கும் 'குதி' என்றே பொருள் மனப்பாடம் செய்துகொள்வதால்தான் குழப்பம் வருகிறது. நின்ற இடத்திலேயே சற்று எழும்பினாலும் அது 'ஜம்ப்' ஆகிவிடும். 'லீப்' என்று சொல்ல, அந்த அசைவில் வலுவும் வீச்சும் இருக்க வேண்டும். ஓடையைத் தாவிக் கடக்கும் மான், இரைமேல் பாயும் புலி, நீருக்கு மேலே துள்ளும் மீன் ஆகிய மூன்றுக்கும் ஆங்கிலத்தில் இந்த ஒரே வினை போதும். நாமோ தாவுதல், பாய்தல், துள்ளுதல் என்று இடமறிந்து பிரிக்கிறோம். ஆகவே மொழிபெயர்க்கும்போது 'குதித்தல்' என்பதை முதலில் எடுக்காமல், இம்மூன்றில் எது பொருந்தும் என்று பார்ப்பதே என் வழக்கம்.

உடலசைவு இல்லாத இடங்களிலும் இச்சொல் வரும். வாய்ப்பை ஆவலோடு பற்றிக்கொள்வது 'லீப் அட்'. ஒன்று மளமளவென வளர்வதை 'பை லீப்ஸ் அண்ட் பவுண்ட்ஸ்' என்பார்கள். நம் 'நாளொரு மேனியும் பொழுதொரு வண்ணமும்' அதற்கு அருகில் நிற்கிறது. 'லுக் பிஃபோர் யூ லீப்' என்பதற்கு 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதைவிடப் பொருத்தமான தமிழ் எனக்குத் தெரியவில்லை. மாறாக, வரிசையில் முந்திச் செல்வதற்கும், திடுக்கிட்டு உடல் தூக்கிப்போடுவதற்கும், நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் ஆகிய போட்டிகளின் பெயர்களுக்கும் 'ஜம்ப்' மட்டுமே வழக்கு.

இறந்தகாலத்தில் 'லீப்ட்', 'லெப்ட்' இரண்டும் சரியே. முன்னது அமெரிக்காவிலும் பின்னது பிரிட்டனிலும் மிகுதி. 'விட்டுச் சென்றான்' என்னும் பொருள்படும் 'லெஃப்ட்' நம் பேச்சில் 'லெப்ட்' என்றே ஒலிப்பதால், உச்சரிக்கும்போது கவனம் தேவை.

ஒரு நாள் கூடும் ஆண்டுக்கு 'லீப் இயர்' என்று ஏன் பெயர் வந்தது என்றும் பலர் கேட்பதுண்டு. 365 நாள் என்பது 52 வாரமும் ஒரு நாளும் ஆதலால், எந்தத் தேதியும் அடுத்த ஆண்டில் ஒரு கிழமை தள்ளி வரும். 2022 மார்ச் 1 செவ்வாய், 2023 மார்ச் 1 புதன். ஆனால் 2024இல் பிப்ரவரி 29 இடையில் புகுந்ததால், மார்ச் 1 வியாழனைத் தாவி வெள்ளியில் போய் விழுந்தது. அந்தத் தாவலே பெயருக்குக் காரணம் என்பது பரவலாகத் தரப்படும் விளக்கம்.