டெக்ஸ்ட் ஏரியாவும் ஸ்க்ரோல்பாரும்: கேள்வி பதில்

டெஸ்க்டாப் புரோகிராமில் எழுத்துப் பெட்டி (டெக்ஸ்ட் ஏரியா) பற்றிச் சந்தேகம் இருந்தால் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஸ்க்ரோல்பாரை, அதாவது இழுத்தால் எழுத்தை நகர்த்தும் ஓரப் பட்டையைப் பற்றித்தான். முடிந்தவரை எல்லாருக்கும் பதில் எழுதியிருக்கிறேன்.

மண்டபம், பி.சி.ஏ. மாணவி: அண்ணே, அப்பாவின் படகுக் கணக்குக்காக ஜாவா ஸ்விங்கில் புரோகிராம் எழுதுகிறேன். ஜேடெக்ஸ்ட்ஏரியாவில் வரிகள் கூடினால் கீழே இருப்பது தெரியவில்லை. ஸ்க்ரோல்பாரை எப்படி ஆன் செய்வது?

ஆன் செய்ய அதில் சுவிட்சே கிடையாது, தங்கச்சி. ஜாவாவில் திரை அமைக்க முதலில் வந்த ஏ.டபிள்யூ.டி. தொகுப்பில் டெக்ஸ்ட்ஏரியாவோடு ஸ்க்ரோல்பாரும் சேர்ந்தே வந்தது. பின்னால் வந்த ஸ்விங்கில் இரண்டையும் பிரித்துவிட்டார்கள். பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்திருப்பாய். ஜன்னல் அதே அளவுதான், கடல் அது பாட்டுக்குக் கிடக்கிறது. ஜேடெக்ஸ்ட்ஏரியாதான் கடல், ஜேஸ்க்ரோல்பேன்தான் ஜன்னல். ஸ்க்ரோல்பார் ஜன்னலின் பக்கத்தில் இருப்பது.

ஆகவே நியூ ஜேஸ்க்ரோல்பேன் என்று எழுதி, அடைப்புக்குள் உன் ஏரியாவைக் கொடு. பிறகு ஃப்ரேமில் அந்த ஜேஸ்க்ரோல்பேனை மட்டும் ஆட் செய். பழக்கதோஷத்தில் ஏரியாவையும் இன்னொரு தடவை ஆட் செய்துவிடாதே. ஸ்விங்கில் ஒரு பொருளுக்கு ஒரே ஒரு தாய்தான். ஏரியா ஜன்னலை விட்டுக் கிளம்பி ஃப்ரேமுக்கு வந்துவிடும், காலி ஜன்னல்தான் மிஞ்சும்.

தொண்டி: நீங்கள் சொல்வதையெல்லாம் செய்துவிட்டேன் சார். எத்தனை வரி சேர்த்தாலும் பார் வரவே மாட்டேன் என்கிறது. ஆல்வேஸ் என்று பாலிசி வைத்தால் பட்டை வருகிறது, ஆனால் நகரவில்லை.

ஏரியாவுக்கு எங்காவது செட்பிரிஃபர்ட்சைஸ் கொடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அநேகமாக இருக்கும். வரி கூடக் கூட ஏரியா தன் உயரத்தைத் தானே கூட்டிச் சொல்லும். அந்த உயரம் ஜன்னலைத் தாண்டினால்தான் பாருக்கு வேலை. நீங்கள் 400க்கு 200 என்று கட்டிப்போட்டால், ஆயிரம் வரி இருந்தாலும் அது 200 என்றே சொல்லிக்கொண்டிருக்கும். அந்த செட்பிரிஃபர்ட்சைஸ் வரியை அழித்துவிடுங்கள். ஏரியாவை உருவாக்கும்போதே 10 வரி, 40 எழுத்து அகலம் என்று கொடுத்தால் ஜன்னல் அந்த அளவில் திறக்கும், உள்ளே இருப்பது வளர்ந்துகொண்டே போகலாம்.

லேஅவுட்டை நல் என்று வைத்து, இடத்தையும் அளவையும் நீங்களே குறிப்பதாக இருந்தால், செட்பவுண்ட்ஸும் ஜேஸ்க்ரோல்பேனுக்குத்தான், ஏரியாவுக்கு அல்ல.

கீழக்கரை: அஸ்ஸலாமு அலைக்கும் காக்கா. பைத்தானின் திரைத் தொகுப்பான டிகிண்டரில் எழுதுகிறேன். மவுஸ் வீலை உருட்டினால் எழுத்து நகர்கிறது, பார் அசையாமல் நிற்கிறது. பாரை இழுத்தால் சரியாக நகர்கிறது.

வ அலைக்குமுஸ்ஸலாம் தம்பி. பாதிப் பேச்சுதான் நடக்கிறது. டிகிண்டரில் டெக்ஸ்டும் ஸ்க்ரோல்பாரும் ஒன்றை ஒன்று அறியாத இரண்டு பேர். இரண்டு பக்கமும் சொல்லிவைக்க வேண்டும். பாரின் கமாண்டில் டெக்ஸ்டின் ஒய்வியூவைக் கொடுத்திருக்கிறாய், அதனால் பாரை இழுத்தால் டெக்ஸ்டுக்குத் தெரிகிறது. டெக்ஸ்டின் ஒய்ஸ்க்ரோல்கமாண்டில் பாரின் செட்டைக் கொடுக்க மறந்துவிட்டாய். அதையும் கொடு. இரண்டிலும் பின்னால் அடைப்புக்குறி போடாதே. போட்டால் ஃபங்ஷன் அங்கேயே ஓடி முடிந்துவிடும்.

விண்டோவில் அடுக்க பேக் செய்யும்போது முதலில் பார், அப்புறம் டெக்ஸ்ட். பேக் வரிசைப்படி இடம் கொடுக்கிறது. விண்டோவைச் சுருக்கினால் கடைசியாக வந்தவர்தான் இடத்தை இழப்பார். செங்குத்துப் பார் மட்டும் போதும் என்றால் டிகிண்டரிலேயே ஸ்க்ரோல்டுடெக்ஸ்ட் இருக்கிறது. இந்த வேலையெல்லாம் அதற்குள் செய்துவைத்திருக்கிறார்கள்.

ராமேஸ்வரம்: கிடைமட்ட ஸ்க்ரோல்பார் வரவே இல்லை. ஸ்விங்தான். செட்லைன்ராப் ட்ரூ.

அதுதான் காரணம். வரி மடிந்தால் பக்கவாட்டில் நகர எதுவுமில்லை. டிகிண்டரில் ராப் நன், டாட்நெட்டின் விண்டோஸ் ஃபார்ம்ஸில் வேர்ட்ராப் ஃபால்ஸ் என்று வைத்தால்தான் அந்தப் பார் கிடைக்கும். ஆனால் படிக்கிற விஷயமாக இருந்தால் மடிக்கத்தான் சொல்வேன். வலதும் இடதுமாக இழுத்துப் படிப்பது கொடுமை. மடிக்கும்போது செட்ராப்ஸ்டைல்வேர்டையும் ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் ‘மண்டப’ என்று ஒரு வரி முடிந்து, ‘ம்’ அடுத்த வரியில் தனியாக நிற்கும். தமிழில் சொற்கள் நீளம், அடிக்கடி இப்படி வெட்டுப்படும்.

ஏர்வாடி: எடை மெஷினிலிருந்து வரும் எடையை வேறு த்ரெட்டில் (புரோகிராமில் இணையாக ஓடும் இன்னொரு வேலை) வாங்கி ஏரியாவில் அப்பெண்ட் செய்கிறேன். வரி சேர்கிறது, ஆனால் தானாகக் கீழே இறங்கவில்லை.

த்ரெட்தான் காரணம். திரையைக் கவனிக்கும் ஸ்விங்கின் ஈவன்ட் த்ரெட்டில் சேர்ந்தால் மட்டுமே கர்சர் கூடவே நகரும், அதுதான் அதன் இயல்பு. அப்பெண்டை ஸ்விங்யுடிலிட்டீஸ் இன்வோக்லேட்டருக்குள் போடுங்கள். த்ரெட் பாதுகாப்புக்கும் அதுதான் சரி.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. மீன் ஏலக் கூடத்தில் ஒருவருக்கு இதே மாதிரி எழுதிக் கொடுத்திருந்தேன். கணக்குப்பிள்ளை மேலே உருட்டிப் பழைய நகரை மீன் எடையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கூடை பாரை மீன் மெஷினில் ஏறியதும் திரை சடாரென்று அடிக்கு இறங்கிவிட்டது. அந்த எடை எங்கே போனது என்று தேடித் தேடி, கடைசியில் பக்கத்து வரியை எழுதிவிட்டார். பணம் போகிற விஷயம், எனக்கு மனசே ஆறவில்லை. அன்றிலிருந்து சேர்ப்பதற்கு முன்னால் பார் அடியில் இருக்கிறதா என்று கேட்டுவிடுகிறேன். பாரின் வேல்யூவும் விசிபிள்அமவுண்ட்டும் சேர்ந்து மேக்சிமத்தைத் தொட்டால் அடியில் இருக்கிறது, சேர்த்த பிறகு கர்சரைக் கடைசிக்குக் கொண்டுபோகலாம். தொடவில்லை என்றால் ஆள் மேலே படித்துக்கொண்டிருக்கிறார், திரையைத் தொடக் கூடாது. இதற்கு, கர்சரை நகர்த்தும் டிஃபால்ட்கேரட்டின் அப்டேட் பாலிசியை நெவர் என்று வைத்துக்கொள்ளுங்கள், நகர்த்துவது முழுக்க உங்கள் கையில் இருக்கும். டிகிண்டரில் ஒய்வியூ திருப்பித் தரும் இரண்டாவது எண் 1.0 என்றால் அடியில் இருப்பதாக அர்த்தம், பிறகு சீ எண்ட் என்று கொடுத்தால் கடைசி வரிக்கு இறங்கும்.

தேவிபட்டினம்: க்யூட்டி என்ற திரைத் தொகுப்பில் எழுத்துப் பெட்டியை எந்த ஸ்க்ரோல் விட்ஜெட்டுக்குள் போட வேண்டும்?

எதற்குள்ளும் வேண்டாம். க்யூபிளெயின்டெக்ஸ்ட்எடிட்டுக்குள்ளேயே ஸ்க்ரோல்பார் இருக்கிறது. நாள் முழுக்க வரி சேர்கிற வேலை என்றால் செட்மேக்சிமம்பிளாக்கவுண்ட் 5000 என்று வையுங்கள். பழைய வரிகளை அதுவே மேலிருந்து கழித்துவிடும்.