மார்க்கு கெடக்கட்டும், புள்ள வாசிக்குதா?

பருவத் தேர்வு முடிஞ்சு ரிப்போர்ட் கார்டு வீட்டுக்கு வந்துட்டா போதும், டீச்சர் எனக்கு பெத்தவங்ககிட்டேர்ந்து கேள்வியா வந்து குவியும். இந்த தடவையும் அப்படித்தான். ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு விஷயம், போன தடவையும் சொன்னேன், அதுக்கு முந்தின தடவையும் சொன்னேன்: எந்த வகுப்பு, எந்த மீடியம், அரசுப் பள்ளியா மெட்ரிக்கா சிபிஎஸ்இயா, எந்தப் பருவத்து மார்க், இந்த நாலையும் எழுதுங்க. வந்ததுல பாதிப் பேர் எழுதல.

என் பையன் படிப்புல ரொம்ப வீக்கா இருக்கான் டீச்சர். என்ன பண்றது? (ஊர், வகுப்பு எதுவும் இல்ல)

எத்தனாவது படிக்கிறான்? எதுல வீக்? டாக்டர்கிட்ட போயி உடம்பு சரியில்லன்னு மட்டும் சொல்லிட்டு மாத்திரை கேப்பீங்களா? திரும்ப எழுதுங்க.

மகள் மூணாவது, அரசுத் தொடக்கப் பள்ளி. தமிழ்ல "அரும்பு"ன்னு சொல்றாங்க. பக்கத்து வீட்டுப் பொண்ணு அதே கிளாஸ், அவ "மலர்". அவமானமா இருக்கு. டிசி வாங்கி வேற பள்ளியில சேத்துடலாமா? – விழுப்புரம் பக்கம், ஒரு அப்பா

அவமானம் எதுக்குங்க? அரசுப் பள்ளியில வாசிப்பும் கணக்கும் அடிப்படையிலேர்ந்து சொல்லிக்குடுக்கற எண்ணும் எழுத்தும் திட்டம் 2022 ஜூன்ல ஒண்ணு முதல் மூணு வரைக்கும் வந்தது, அடுத்த வருஷம் நாலு, அஞ்சுக்கும் போச்சு. கொரோனாவுல பிள்ளைங்க பள்ளிக்கூட வாசலே பாக்காம ரெண்டு வகுப்பு தாண்டி வந்து உக்காந்தாங்க இல்லையா, அந்தப் பள்ளத்த அடைக்கத்தான் வந்ததே. அதுல அரும்புன்னா கிட்டத்தட்ட ஒண்ணாவது நிலை, மொட்டு ரெண்டாவது, மலர் மூணாவது. ஒண்ணாங்கிளாஸ் பிள்ளை அரும்புல இருந்தா அது இயல்பு. மூணாவது பிள்ளை அரும்புல இருந்தா எழுத்து, எளிய சொல் இந்த இடத்துல எங்கயோ நிக்குதுன்னு அர்த்தம். அவ்வளவுதான், நெத்தியில ஒட்டின லேபிள் இல்ல அது. பாடம் எந்த இடத்துலேர்ந்து ஆரம்பிக்கணும்னு டீச்சர் வெச்சுக்கற அடையாளம்.

தனியார் பள்ளிக்கு மாத்தினா என்ன ஆகும் தெரியுமா, அங்க இந்த மூணு பிரிவும் இல்லாம மூணாவது புத்தகத்த நேரா விரிச்சு வெச்சிருவாங்க, உங்க பொண்ணுக்கு எழுத்து தெரியலங்கறது யாருக்கும் தெரியாமலே அஞ்சாவது போயிடுவா. டீச்சர்கிட்ட ஒண்ணே ஒண்ணு கேளுங்க: ஜூன்ல அடிப்படை மதிப்பீடு எடுத்தப்ப இவ எங்க இருந்தா, இப்ப எங்க இருக்கா? அதே அரும்புக்குள்ளயே எழுத்துலேர்ந்து சொல்லுக்கு வந்திருந்தா அது முன்னேற்றம். பக்கத்து வீட்டுப் பொண்ணு கணக்கு அவங்க வீட்டுக் கணக்கு.

பி2 வந்திருக்கு. ஃபெயிலா?

இல்லங்க. பி2ங்கறது கிரேடு, நூத்துக்கு 61லேர்ந்து 70க்குள்ள. கார்டுக்குப் பின்பக்கமே அச்சடிச்சிருப்பாங்க, திருப்பிப் பாக்கறது.

ரெண்டாவது படிக்கிற பையனுக்கு மெட்ரிக் பள்ளியில ரேங்க் போடறாங்க, 17வது ரேங்க். எப்படி மேல கொண்டு வர்றது?

ஏழு வயசுப் பிள்ளைக்கு ரேங்க் போடற பள்ளிய முதல்ல கேள்வி கேளுங்க. பையன அப்புறம் பாக்கலாம்.

மகன் நாலாவது, மெட்ரிக். எஃப்ஏ (ஏ)ல, அதாவது செயல்பாட்டுல, 20க்கு 20. எஃப்ஏ (பி)ல, சின்ன டெஸ்டுல, 18. ஆனா எஸ்ஏல, பருவ முடிவுப் பரிட்சையில, 60க்கு 23தான். பேப்பர சரியா திருத்தலயோன்னு சந்தேகம். ரீவேல்யூவேஷன் கேக்கலாமா? – ஈரோடு, ஒரு அம்மா

அம்மா, கோவிச்சுக்காதீங்க. அந்த 20க்கு 20 யாரோட மார்க்கு? உங்களோடதா, இல்ல உங்க வீட்டுக்காரரோடதா?

முப்பருவ முறை 2012ல வந்தப்ப நான் பயிற்சிக்குப் போயி உக்காந்து கேட்டவ. புத்தகச் சுமைய மூணாப் பிரிச்சாங்க, கூடவே 100 மார்க்கையும் பிரிச்சாங்க: வளரறி மதிப்பீட்டுக்கு (எஃப்ஏ) 40, தொகுத்தறி மதிப்பீட்டுக்கு (எஸ்ஏ) 60. அந்த 40ல பாதி செயல்பாடு, பாதி சின்னச் சின்ன டெஸ்ட். எதுக்கு? பருவ முடிவுப் பரிட்சையில காய்ச்சலோட உக்காந்து எழுதின பிள்ளையும், எழுத வராது ஆனா வாயால அழகா சொல்ற பிள்ளையும் தப்பிச்சுக்கட்டும்னு. இலைய பறிச்சுட்டு வந்து நரம்பு எப்படிப் போகுதுன்னு பாக்கணும், கடைக்குப் போயி வெல கேட்டு எழுதிட்டு வரணும், கதைய நடிச்சுக் காட்டணும். நல்ல யோசனை. இப்பவும் நான் அப்படித்தான் சொல்வேன்.

அத நாசம் பண்ணினது யாரு? பெத்தவங்க பாதி, எங்க ஆளுங்க பாதி. ஞாயித்துக்கிழம ராத்திரி ஒம்பது மணிக்கு ஸ்டேஷனரி கடையில பாருங்க, தெர்மாகோல், சார்ட், ரெடிமேடா அச்சடிச்ச "நீர் சுழற்சி" படம், அம்மா வெட்டறாங்க, அப்பா ஒட்டறாரு, பிள்ளை சோபாவுல தூங்குது. நான் வேல பாத்த ஒரு பள்ளியில ஒரு பையன் தெர்மாகோல்ல வீடு கொண்டு வந்தான், ஜன்னலுக்குக் கம்பி, உள்ள சீரியல் பல்பு, எரியவே எரிஞ்சது. "இது எப்படிடா எரியுது"ன்னு கேட்டேன். "எங்க சித்தப்பா ஐடிஐ டீச்சர்"னான். அதுக்குப் பக்கத்துல ஒரு பொண்ணு தீப்பெட்டி அடுக்கி, மேல வைக்கோல் போட்டு, பசை வழிய வழிய கொண்டு வந்து நிக்குது. அந்தப் பொண்ணுக்கு எங்க ஆளுங்க பத்துக்கு ஆறு போட்டாங்க, சித்தப்பாவுக்குப் பத்து. நான் சண்ட போட்டு மாத்த வெச்சேன், ஆனா ஒவ்வொரு பள்ளியிலயும் ஒவ்வொரு தடவையும் சண்ட போட ஆள் இருக்காது.

இதுல நஷ்டம் என்னன்னா, அந்த 40 மார்க்கு பொய்யாகிப் போச்சுன்னா பிள்ளை எங்க நிக்குதுன்னு காட்டற விளக்க நாமளே ஊதி அணைச்ச மாதிரி. பருவத்துக்கு நடுவுலயே "இவனுக்கு இது புரியல"ன்னு தெரிஞ்சிருக்க வேண்டியது. உங்க பையன் விஷயத்துல அது எஸ்ஏ பேப்பர் வந்தப்புறம்தான் தெரிஞ்சது. பி-யில 18 வந்ததும் எப்படின்னு நோட்டப் பாருங்க, முந்தின நாள் கேள்விய சொல்லிட்டு மறுநாள் அதையே கேக்கற டெஸ்டா இருக்கும். ரீவேல்யூவேஷன் எல்லாம் இதுக்குக் கிடையாது, விடைத்தாள காட்டுங்கன்னு கேட்டா காட்டுவாங்க. எந்தக் கேள்விய விட்டிருக்கான், எத தப்பா எழுதியிருக்கான்னு பாருங்க. அடுத்த ப்ராஜெக்ட் கோணலா போகட்டும். பசை வழியட்டும். கைய கட்டிக்கிட்டு உக்காருங்க.

கணக்குல 10க்கு 3. கூட்டல் எல்லாம் சரி, கழித்தல் எல்லாம் தப்பு. கவனக்குறைவுதானே? மூணாவது, தமிழ் மீடியம். நோட்டுப் பக்கம் போட்டோ அனுப்பியிருக்கேன்.

போட்டோ அனுப்பினதுக்கு நன்றி, இந்த மாசம் உருப்படியா கேட்ட ஒரே ஆள் நீங்கதான். கவனக்குறைவு இல்ல இது. பாருங்க: 52லேர்ந்து 27 போனா 35னு போட்டிருக்கான். 63லேர்ந்து 28 போனா 45. ரெண்டுலயும் ஒரே தப்பு. 2லேர்ந்து 7 போகாதுன்னு, 7லேர்ந்து 2ஐ கழிச்சிட்டான். எந்த இடத்துலயும் பெருசுலேர்ந்து சின்னதத்தான் கழிக்கணும்னு அவனா ஒரு விதி கண்டுபிடிச்சு அத ஒழுங்கா கடைப்பிடிக்கிறான், கெட்டிக்காரப் பயதான். தொடப்பத்துலேர்ந்து ஈர்க்குச்சி உடைச்சு பத்துப் பத்தா ரப்பர் பேண்டு போட்டு அஞ்சு கட்டு, உதிரியா ரெண்டு வெச்சு, "27 குடுடா"ன்னு கேளுங்க. ஒரு கட்ட அவனே பிரிப்பான். ரெண்டு மூணு நாள் போதும். "கடன் வாங்கு"ன்னு வாயால நூறு தடவ சொல்றதுல ஒண்ணும் ஏறாது.

ரெண்டாவது படிக்கற பொண்ணு தமிழ்ப் புத்தகத்த கடகடன்னு வாசிக்கிறா. டெஸ்ட்ல புதுசா ஒரு பத்தி குடுத்தா முழிக்கிறா. பயமா?

பயம் இல்ல, மனப்பாடம். அவ வாசிக்கும்போது விரல வெச்சு வாசிக்கச் சொல்லுங்க. வாய் "குருவி பறந்தது"ல இருக்கும், விரல் முந்தின வரியில இருக்கும். அப்புறம் நடுவுல ஒரு சொல்ல தொட்டு இது என்னன்னு கேளுங்க, மொதல்லேர்ந்து ஓட்டிக்கிட்டே வந்து அந்த இடத்துல நிக்க முயற்சி பண்ணுவா.

நான் எப்பவும் சொல்றதுதான்: பாக்காத பக்கத்த குடுங்க. பழைய பேப்பர், மளிகக் கட்டி வந்த தாள், பஸ் போர்டு, கல்யாணப் பத்திரிகை. 2005லேர்ந்து பிரதம் அமைப்பு கிராமம் கிராமமா வீட்டுக்கே போயி எடுக்கற ஏசர் சர்வேயும் இந்த மாதிரிதான், எழுத்து, சொல், ஒண்ணாவது அளவுல ஒரு பத்தி, ரெண்டாவது அளவுல ஒரு கதை, அவ்வளவுதான் தாள்ல. பிள்ளை எதுல நிக்குதோ அதுதான் அதோட நிலை. நீங்களும் கையால எழுதி வெச்சு பத்து நிமிஷத்துல பாத்துடலாம். எழுதும்போது கெ-கே, கொ-கோ, ல-ள-ழ கலந்து எழுதுங்க, பிள்ளைங்க தடுமாறுறதே அங்கதான்.

நிமிஷத்துக்கு 60 வார்த்தை வாசிக்கணுமாமே? தினம் போன்ல டைமர் வெச்சுப் பாக்கறேன், பையன் 40 தாண்ட மாட்டேங்கறான். மூணாவது.

டைமர மொதல்ல அணைங்க. அந்த 60 மத்திய அரசோட நிபுன் பாரத்ல, அதாவது சின்ன வகுப்புப் பிள்ளைங்க வாசிப்பு, கணக்குக்கான திட்டத்துல, வர்ற இலக்கு, மூணாவது முடியும்போது குறைஞ்சது 60, ரெண்டாவது முடியும்போது 45லேர்ந்து 60. அதுலயே புரிஞ்சு வாசிக்கணும்னும் இருக்கு, அத யாரும் பாக்கறதில்ல. அப்புறம் தமிழ்ல "ஓடிக்கொண்டிருந்தார்கள்" ஒரே வார்த்தை. இங்கிலீஷ்ல அது மூணு வார்த்தையா போயிடும். நம்ம பிள்ளை ஒரு வார்த்தைக்கு எத்தன எழுத்து ஏறி இறங்குதுன்னு பாருங்க. 40 வாசிச்சாலும் வாசிச்சத திரும்ப கதையா சொன்னா எனக்குப் போதும். 70 வாசிச்சிட்டு "யாரு ஓடினாங்க"ன்னு கேட்டா முழிக்கிற பிள்ளைய நான் நிறைய பாத்தாச்சு.

அதே நிபுன் பாரத்தோட கணக்கு இலக்கும் நிறைய பேர் கேட்டிருக்கீங்க, எல்லாத்துக்கும் சேத்து சொல்லிடறேன். ஒண்ணாவது முடியும்போது 99 வரைக்கும் எண், ரெண்டாவதுல 999, மூணாவதுல 9999, கூட எளிய பெருக்கல். பிள்ளை கைக்கடிகாரத்த பாத்து மணி சொல்லலன்னு ஒண்ணாவதுலயே ஒருத்தர் அழுதிருக்காரு. இருங்க சார்.

அஞ்சாவதுல ஃபெயில் பண்ணுவாங்களா? டிவியில சொன்னாங்களே.

2024 டிசம்பர்ல மத்திய அரசு விதிய மாத்துச்சு. அஞ்சு, எட்டுல தேறலன்னா ரெண்டு மாசத்துல மறுதேர்வு, அதுலயும் தேறலன்னா அதே வகுப்பு. அது கேந்திரிய வித்யாலயா மாதிரி மத்திய அரசுப் பள்ளிகளுக்கு. நம்ம மாநில அரசு எட்டாவது வரைக்கும் நிறுத்தி வைக்கறதில்லன்னு சொல்லிடுச்சு, 2025 ஆகஸ்ட்ல வந்த மாநிலக் கல்விக் கொள்கையிலயும் அதான் இருக்கு. 2019லயும் இப்படித்தான் அஞ்சாவதுக்குப் பொதுத் தேர்வுன்னு அறிவிச்சு ஊரே கலங்கி, 2020 பிப்ரவரியில வேண்டாம்னு வாபஸ் வாங்கினாங்க. எந்தப் பள்ளின்னு நீங்க எழுதல, அதனால ரெண்டையும் சொல்ல வேண்டியதாப் போச்சு.

2024 டிசம்பர்ல மகனோட பள்ளிக்கு வெளியிலேர்ந்து வந்து மூணாவது பிள்ளைங்களுக்கு ஒரு டெஸ்ட் வெச்சாங்க. இன்னி வரைக்கும் மார்க் தரல.

தர மாட்டாங்க. அது மத்திய அரசு எடுத்த பரக் சர்வே. மூணு, ஆறு, ஒம்பதுல மாதிரிக்குச் சில பள்ளி, சில பிள்ளைங்கன்னு எடுத்து மாவட்டம், மாநிலம் எப்படி இருக்குன்னு பாக்கறது. பானைச் சோத்துக்கு ஒரு சோறு, அந்தச் சோத்துக்குத் தனியா மார்க் கிடையாது.

எட்டு வயசு. இன்னும் எழுத்த திருப்பித் திருப்பி எழுதறான், போர்டுலேர்ந்து எழுதினா வரி விட்டுப் போகுது. சோம்பேறின்னு டீச்சர் சொல்றாங்க.

சோம்பேறிங்கற வார்த்தைய நான் ஏத்துக்க மாட்டேன், டீச்சர் சொன்னாலும் சரி. முதல்ல கண்ண காட்டுங்க. என் அனுபவத்துல இப்படி வர்றதுல நெறைய கண்ணாடியில முடிஞ்சிருக்கு. கண்ணு, காது சரின்னா வட்டார வள மையத்துல சிறப்பாசிரியர் இருப்பாங்க, தலைமை ஆசிரியர் மூலமா கேளுங்க. கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்துலயே வருது, பின்னாடி தேர்வுல சலுகை வாங்கணும்னாலும் இப்பவே பாத்து வெக்கறது நல்லது. அஞ்சு வயசுல திருப்பி எழுதினா விட்டுடலாம். எட்டு வயசுல விடாதீங்க.

எத்தன மார்க் எடுத்தா பின்னாடி ஐஏஎஸ் ஆக முடியும்? யூகேஜி.

பல்லு விழுந்து முளைக்கட்டும்.

நான் கையெழுத்து மட்டும் போடத் தெரிஞ்சவன். பேத்தி ரெண்டாவது. அவ ஒழுங்கா படிக்குதான்னு எனக்கு எப்படித் தெரியும்? – தென்காசிப் பக்கம், ஒரு தாத்தா (பக்கத்து வீட்டுத் தம்பி டைப் பண்ணியது)

ஐயா, உங்களால முடியும். பாக்காத பக்கத்த குடுங்கன்னு மேல சொன்னேன்ல, அதேதான். பேப்பர்லேர்ந்து ஒரு சின்னச் செய்திய, ஊர்க் கோயில் கொடை நோட்டீஸ, எதையாவது கையில குடுத்து "எனக்கு வாசிச்சுச் சொல்லு தாயி"ன்னு உக்காருங்க. அவ வாசிக்கறது உங்களுக்குப் புரிஞ்சுதுன்னா அவளும் வாசிக்கிறா. புரியலன்னா "என்ன தாயி சொல்லுது, திரும்ப படி"ன்னு கேளுங்க, ரெண்டாவது தடவையில அவளே திருத்திக்குவா. புத்தகத்துல இருக்கற பாட்ட ஒப்பிச்சு ஏமாத்தினா மட்டும் விட்டுடாதீங்க.

அடுத்த கடிதத்த அந்தத் தம்பிக்குப் பதிலா பேத்தியவே டைப் பண்ணச் சொல்லுங்க. பிழை இருந்தா இருக்கட்டும், நான் படிச்சுக்குறேன்.