கோபம் யார் மேல்?

வணக்கம் ஐயா,

உங்கள் பக்கத்தை ரொம்ப நாளாக வாசிக்கிறேன், எழுதுவது இதுதான் முதல்முறை. தமிழ்வழியில் படித்தவள். இப்போது வேலையில் தினமும் பத்து மின்னஞ்சலாவது ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருக்கிறது. போன வாரம் ஒரு வாடிக்கையாளர் எங்கள் மேல் கோபமாக இருக்கிறார் என்று சொல்ல 'ஆங்ரி ஆன் அஸ்' என்று எழுதிவிட்டேன். மேலாளர் அதை 'ஆங்ரி வித் அஸ்' என்று திருத்தி, எல்லோருக்கும் போகும்படி பதில் அனுப்பினார். (அவர் அஞ்சலிலேயே 'சுப்பீரியர் தேன்' என்று ஒரு வரி இருந்தது. எங்கேயோ அது தப்பு என்று படித்த ஞாபகம்.) பெயரடையும் அதற்குப் பின்னால் வரும் ஒட்டுச்சொல்லுமாக இருநூறு ஜோடிகள் உள்ள ஒரு பட்டியலை வைத்து 'குட் அட்', 'ஃபாண்ட் ஆஃப்' என்று உருப்போடுகிறேன். காலையில் படித்தது மாலையில் நிற்பதில்லை. இதற்கு விதி ஏதாவது உண்டா? அப்புறம், 'டிஃபரன்ட்'டுக்குப் பின்னால் ஃப்ரம், டு, தேன் மூன்றையும் பார்க்கிறேன். எது சரி?

(பெயர் வேண்டாம் என்று கேட்ட வாசகி)

*

அன்புள்ள வாசகிக்கு,

'ஆங்ரி ஆன் அஸ்' என்று எழுதியதற்கு ரொம்ப வருத்தப்படாதீர்கள். அந்தப் பிழை எங்கிருந்து வந்தது என்று துல்லியமாகச் சொல்லிவிடலாம். நாம் 'அவன் மேல் கோபம்' என்கிறோம், மேல் என்றால் ஆன், அவ்வளவுதான். 'அவனோடு கல்யாணம்' என்கிறோம், அதனால் 'மேரிட் வித் ஹிம்' வருகிறது, ஆங்கிலத்தில் அது 'மேரிட் டு'. (விளையாட்டு என்னவென்றால் 'மேரிட் வித் டூ சில்ட்ரன்' என்பது சரியான ஆங்கிலம். மணமானவர், இரண்டு குழந்தைகள் உண்டு என்று அர்த்தம். நம் பழக்கத்தில் அதைப் படிப்பவருக்குத் தூக்கிவாரிப் போடும்.) 'விட' என்றாலே 'தேன்' என்று கை பழகியிருப்பதால் 'சுப்பீரியர் தேன்' வருகிறது. பிழைகள் அத்தனையும் தமிழ் உருபை அப்படியே பெயர்ப்பதால் வருபவை, எனவே எங்கே தடுக்குவோம் என்று முன்கூட்டியே தெரிந்துவைத்துக்கொள்ளலாம். இருநூறு ஜோடி வேண்டாம். நீங்கள் தடுக்கி விழும் இருபதோ முப்பதோ போதும்.

விதி உண்டா என்று கேட்டீர்கள். இந்தக் கேள்வியை அப்படியே திருப்பித் தமிழ் கற்கும் ஓர் அயலாரிடம் கொடுத்துப் பாருங்கள். 'அவனுக்குக் கோபம்' என்றால் கோபப்படுகிறவன் அவன், 'அவன் மேல் கோபம்' என்றால் கோபத்துக்கு ஆளானவன் அவன், ஆனால் 'அவனிடம் அன்பு', 'அவன் மேல் அன்பு' இரண்டும் ஒன்றுதான். ஏன் என்று அவர் கேட்டால் நீங்களும் நானும் முழிப்போம். நமக்கு அது விதியாகத் தெரிவதில்லை, சொல்லோடு சேர்ந்தே நாக்கில் ஏறியிருக்கிறது.

ஆனால் நம் இலக்கணக்காரர்கள் முழிக்கவில்லை. தொல்காப்பியத்தில் வேற்றுமைமயங்கியல் என்றே ஓர் இயல் இருக்கிறது, எந்தச் சொல் எந்த உருபை ஏற்கும், எங்கே ஒன்றுக்குப் பதில் இன்னொன்று வரலாம் என்று பேசுவது. அதில் 'அச்சக் கிளவிக்கு ஐந்தும் இரண்டும்' என்று ஒரு சூத்திரம் தொடங்கும். பயத்தைக் குறிக்கும் சொல் ஐந்தாம் வேற்றுமையையும் ஏற்கும், இரண்டாம் வேற்றுமையையும் ஏற்கும், பொருள் மாறாது என்பது கருத்து. 'பழியின் அஞ்சும்', 'பழியை அஞ்சும்' என்பது எடுத்துக்காட்டு. யோசித்துப் பார்த்தால் உங்கள் பட்டியலில் இருக்கும் 'அஃப்ரெய்ட் ஆஃப்' இதே கேள்விதான்: பயம் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் எந்த ஒட்டு? இன்னொன்று சொல்கிறேன், இதை வைத்துக் கோட்பாடு எதுவும் கட்டவில்லை, எனக்குப் பிடித்த ஒற்றுமை என்பதால் மட்டும். ஓர் எஃப் போட்டு எழுதும் ஆஃபும் இரண்டு எஃப் போட்டு எழுதும் ஆஃபும் பழைய ஆங்கிலத்தில் ஒரே சொல், அதன் ஆதிப்பொருள் 'இலிருந்து', 'விட்டு விலகி'. நம் ஐந்தாம் வேற்றுமைக்கும் நீங்கல் ஒரு முக்கியமான பொருள்.

பழைய ஆங்கிலத்துக்கும் வேற்றுமை உருபுகள் இருந்தன. 'ஃபுல்' என்ற சொல் தன் பக்கத்துப் பெயரை நம் ஆறாம் வேற்றுமை போன்ற வடிவத்தில் கேட்டது, பிரியமான என்று பொருள்படும் சொல் நான்காம் வேற்றுமை போன்றதைக் கேட்டது. காலப்போக்கில் அந்த உருபுகள் தேய்ந்து போயின. வேலை மட்டும் மிச்சம் இருந்தது, அதை 'ஆஃப்', 'டு' போன்ற சின்னச் சொற்கள் எடுத்துக்கொண்டன. ஆகவே 'ஃபுல் ஆஃப்' என்பதில் வரும் ஆஃபுக்குத் தனியாக அர்த்தம் தேடினால் கிடைக்காது, அது முன்னால் வந்து நிற்கும் உருபு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தர்க்கத்தால் கண்டுபிடித்துவிடலாம் என்று நினைக்கிறவர்களுக்கு நான் காட்டுவது ஒரே ஒரு ஜோடி. 'டிபென்டன்ட் ஆன்', 'இன்டிபென்டன்ட் ஆஃப்'. ஒரே வேர், லத்தீனில் 'தொங்குதல்'. எதிலிருந்தாவது தொங்குவதுதானே நியாயம், ஆனால் ஆங்கிலம் அதன் மேல் உட்கார வைத்துவிட்டது, எதிர்ச்சொல்லில் வேறு ஒட்டு. இதில் என்ன தர்க்கம் சொல்ல?

அர்த்தம் மாறும் இடங்களில்தான் நிஜமாகவே கவனம் வேண்டும். 'டயர்ட் ஃப்ரம்' களைப்பு, 'டயர்ட் ஆஃப்' சலிப்பு. வேலையால் களைத்துவிட்டேன் என்று மேலாளருக்கு எழுத நினைத்து 'ஆஃப்' போட்டால், வேலையே வெறுத்துவிட்டது என்று படிப்பார். 'கன்சர்ன்ட் அபவுட்' கவலை, 'கன்சர்ன்ட் வித்' என்பது இன்ன விஷயத்தைப் பற்றியது என்று சொல்ல. 'ரெஸ்பான்சிபிள் ஃபார்' என்றால் அந்த வேலைக்குப் பொறுப்பு, 'ரெஸ்பான்சிபிள் டு' என்றால் அந்த ஆளுக்குப் பதில் சொல்ல வேண்டியவர். 'ஃபெமிலியர்' இன்னும் வழுக்கும்: எனக்கு அது பழக்கம் என்றால் 'ஐ ஆம் ஃபெமிலியர் வித் இட்', அதையே எழுவாயாக்கினால் 'இட் இஸ் ஃபெமிலியர் டு மீ'. நான் சின்ன வயதில் மொழிபெயர்ப்பு வேலைக்கு விண்ணப்பித்தபோது 'ஐ ஆம் குட் ஃபார் ட்ரான்ஸ்லேஷன்' என்று எழுதினேன். எனக்கு அது நன்றாக வரும் என்று சொல்ல 'அட்' போட்டிருக்க வேண்டும். 'ஃபார்' போட்டதில், காய்ச்சலுக்குக் கஷாயம் நல்லது என்பது மாதிரி மொழிபெயர்ப்புக்கு நான் நல்லது என்று ஆகிவிட்டது. வேலை கிடைக்கவில்லை, காரணம் இதுதானா தெரியாது.

'டிஃபரன்ட்' விஷயத்தில் 'ஃப்ரம்' எங்கும் செல்லும். 'டு' பிரிட்டிஷ் பேச்சில் சகஜம், 'தேன்' அமெரிக்கர்களிடம் சகஜம். அலுவலக அஞ்சலில் 'ஃப்ரம்' போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள். 'போர்ட் ஆஃப்' என்பதையும் கண்டித்தவர்கள் உண்டு, 'போர்ட் வித்' தான் சரி என்று. இப்போது ஆஃபும் எங்கும் புழங்குகிறது. அவர்களுக்கே நிலைக்காத ஒன்றை நாம் பிடித்துத் தொங்க வேண்டாம்.

பட்டியலைத் தூக்கிப் போடுங்கள். நீங்கள் அனுப்பிய பழைய அஞ்சல்களில் தடுக்கிய இடங்களைத் தேடி, ஒவ்வொன்றையும் உங்கள் வேலையில் நிஜமாக வரும் ஒரு முழு வாக்கியமாக எழுதிவையுங்கள். சொல் தனியாக நினைவில் நிற்காது, வாக்கியம் நிற்கும். சந்தேகம் வந்தால் ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே வரும் அகராதியைப் பாருங்கள், ஆக்ஸ்ஃபோர்டோ லாங்மனோ, பெயரடைக்குப் பக்கத்திலேயே அதன் ஒட்டையும் உதாரண வாக்கியத்தையும் கொடுத்திருப்பார்கள். ஒட்டுக்குப் பின்னால் வினை வந்தால் 'இங்' சேருங்கள், 'குட் அட் ரைட்டிங்' என்று. இது ஒன்றுதான் நம்பிப் பிடித்துக்கொள்ளக்கூடிய விதி.

உங்கள் மேலாளர் 'ஆங்ரி வித்' என்று திருத்தியது சரி. ஆளென்றால் 'வித்', விஷயமென்றால் 'அபவுட்'. அமெரிக்கர்கள் ஆளுக்கும் 'அட்' போடுவார்கள். 'சுப்பீரியர் தேன்' பிழைதான், சுப்பீரியர், இன்ஃபீரியர், சீனியர், ஜூனியர் எல்லாம் லத்தீனிலிருந்து வந்தவை, 'டு' தான் கேட்கும். ஆனால் நீங்கள் அதை எல்லோருக்கும் போகும்படி அனுப்பாதீர்கள். தனியாகப் பார்க்கும்போது சொல்லுங்கள், அதுவும் அவருக்கு யார் மேலும் கோபம் இல்லாத நாளாகப் பார்த்து.