கையைப் பார்த்து மார்க் போடுங்க: மைக்ரோபயாலஜி பிராக்டிகல் கேள்வி–பதில்

செமஸ்டர் பிராக்டிகல் நெருங்கினால் கடிதங்கள் கூடிவிடும். இந்தத் தடவை மாணவர்களைவிட ஆசிரியர்கள் அதிகம் எழுதியிருக்கிறீர்கள். மகிழ்ச்சி. ஒரே விஷயத்தை நாலு பேர் கேட்டிருந்தால் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி (ஈரோடு, பி.எஸ்சி. மாணவி): கிராம் ஸ்டெயின் (பாக்டீரியாவை ஊதா, இளஞ்சிவப்பு என்று இரண்டு வகையாகப் பிரித்துக் காட்டும் சாய முறை) எப்போது செய்தாலும் எல்லாமே ஊதாவாகத் தெரிகிறது. இளஞ்சிவப்பாக வர வேண்டிய ஈ.கோலைகூட ஊதா. ஸ்டெயின் கெட்டுவிட்டதா?

பதில்: கண்ணு, கல்ச்சர் (வளர்த்த கிருமி) எத்தனை மணி நேரத்தது, ஸ்மியர் (ஸ்லைடில் தடவிய படலம்) எவ்வளவு கெட்டி, ஆல்கஹால் எப்படி ஊற்றினாய், மூன்றையும் நீ எழுதவில்லை. இனி கேட்கும்போது இந்த மூன்றையும் எழுது. ஈ.கோலை ஊதாவாக நின்றால் பெரும்பாலும் ஸ்மியர் கெட்டி, இல்லாவிட்டால் நிறம் நீக்குவதைப் பாதியில் நிறுத்தியிருப்பாய். காய்ந்த ஸ்மியரைச் செய்தித்தாள் மேல் வைத்துப் பார். அடியில் இருக்கும் எழுத்தைப் படிக்க முடிய வேண்டும். அப்புறம் ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்து அசிட்டோன்-ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விடு. கீழ் முனையில் வழிவதில் ஊதா நின்றதும் உடனே தண்ணீர். அந்த நேரத்தில் கண் கடிகாரத்தில் இருக்கக்கூடாது, வழிகிற சொட்டில் இருக்க வேண்டும்.

இன்னொன்று. ஒரே ஸ்லைடில் இந்தப் பக்கம் ஸ்டஃபைலோகாக்கஸ், அந்தப் பக்கம் ஈ.கோலை, நடுவில் உனக்குக் கொடுத்த கிருமி. ஓரத்து இரண்டும்தான் உன் கன்ட்ரோல் (முடிவு முன்பே தெரிந்த கிருமி). அவை தங்கள் நிறத்தைக் காட்டாவிட்டால் நடுவில் இருப்பதைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதாதே. ஸ்மியர் போடுவதற்கு முன்பே ஸ்லைடின் ஓரத்தில் வைரப் பென்சிலால் நம்பர் எழுதிவிடு. மார்க்கர் பேனாவால் எழுதினால் ஆல்கஹாலோடு போய்விடும்.

கேள்வி (திருப்பூர், உதவிப் பேராசிரியர்): 40 மாணவர்கள், 3 மணி நேரம். ஓ.எஸ்.பி.இ.க்கு (மாணவர் மேசை மேசையாகப் போய் ஒவ்வொன்றிலும் ஒரு சின்ன வேலையைச் செய்து காட்டும் பிராக்டிகல் தேர்வு) எத்தனை ஸ்டேஷன் வைக்கலாம்?

பதில்: 10 ஸ்டேஷன், ஒவ்வொன்றும் 4 நிமிடம். ஒரு சுற்றுக்கு 40 நிமிடம், நாலு சுற்றுக்கு 160. மாறுகிற நேரத்தையும் சேர்த்தால் மூன்று மணி நேரம் சரியாகப் போய்விடும். ஆனால் கிராம் ஸ்டெயின் முழுவதையும் 4 நிமிடத்துக்குள் அடக்க முடியாது. வயலட், அயோடின், சாஃப்ரனின் மூன்றுக்கும் நிமிடம் நிமிடமாகப் போய்விடும், கழுவிக் காயவைக்க வேண்டாமா? அதைத் தனியாக வையுங்கள். 4 நிமிடத்துக்குப் பொருத்தமானவை: பிளேட்டில் ஸ்ட்ரீக் போடுவது (லூப் என்ற கம்பி வளையத்தால் கிருமியைக் கோடு கோடாக இழுப்பது), மைக்ராஸ்கோப்பின் ஆயில் இம்மர்ஷன் லென்ஸில் ஃபோகஸ் செய்து காட்டுவது, கேட்டலேஸ் சோதனை, டிஸ்க் ஜோனை (மருந்து டிஸ்கைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) ஸ்கேலால் அளப்பது, சிந்திய கல்ச்சரைச் சுத்தம் செய்வது.

1975-ல் ஸ்காட்லாந்தின் டண்டீயில் ரொனால்டு ஹார்டன் குழுவினர் மருத்துவ மாணவர்களுக்காகக் கொண்டுவந்த தேர்வு முறையின் லேப் வடிவம்தான் இது. மாணவர் செய்வதை ஒருவர் நின்று பார்ப்பதுதான் அதன் உயிர். பத்து மேசையிலும் ஸ்பாட்டர் (பார்த்துப் பெயர் எழுதும் மாதிரி) வைத்துவிட்டு அதை ஓ.எஸ்.பி.இ. என்று சொல்லாதீர்கள். குறைந்தது நாலு ஸ்டேஷனிலாவது சரிபார்ப்புத் தாளோடு ஓர் ஆசிரியர் நிற்க வேண்டும்.

கேள்வி (கோபி, மாணவர்): மெக்கான்கி அகார் மீடியத்தில் இளஞ்சிவப்புக் காலனி (கிருமித் திட்டு). ஈ.கோலை என்று எழுதினேன். எக்ஸ்டர்னல் (வெளியிலிருந்து வந்த தேர்வாளர்) மார்க்கைக் குறைத்துவிட்டார்.

பதில்: சரியாகத்தான் குறைத்தார். க்ளெப்சியெல்லா என்ற கிருமியும் இளஞ்சிவப்புதான். இண்டோல், சிட்ரேட் சோதனையெல்லாம் பார்க்கும் வரை "லாக்டோஸை நொதிக்க வைக்கும் கிருமி" என்பதோடு பேனாவை நிறுத்து.

கேள்வி (சேலம், துறைத் தலைவர்): எங்களிடம் ரெக்கார்டு நோட்டுக்கு 10, வைவாவுக்கு (வாய்மொழித் தேர்வு) 10, மீதி மார்க் முடிவு சரியாக இருந்தால் கிடைக்கும். இது தவறு என்று புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர் சொல்கிறார். இத்தனை வருடம் இப்படித்தானே நடக்கிறது?

பதில்: புதிய ஆசிரியர் சொல்வதுதான் சரி ஐயா. அவரை விட்டுவிடாதீர்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கல்லூரிக்கு எக்ஸ்டர்னலாகப் போயிருந்தேன். காபி கொடுத்து அறையில் உட்கார வைத்தார்கள். கொஞ்ச நேரத்தில் முப்பது சொச்சம் ஸ்லைடு தட்டில் வந்தது. எல்லாமே அழகு. எல்லாவற்றிலும் ஒரே அளவு ஸ்மியர், ஒரே நிறம். முப்பது பேர் கை ஒரே மாதிரி இருக்குமா? எழுந்து லேபுக்குப் போனேன். ஓரத்தில் நின்ற ஒரு பையனிடம், "தம்பி, இந்தக் காலனியை எடுத்து புது பிளேட்டில் ஸ்ட்ரீக் பண்ணுப்பா" என்றேன். லூப்பை எடுத்துச் சிவக்கச் சிவக்கக் காட்டினான். ஆற விடவில்லை, அப்படியே காலனியில் வைத்தான். சுர்ரென்று சத்தம். அந்தச் சத்தத்தோடு கிருமி துளித்துளியாகக் காற்றில் தெறிக்கும் என்பது அவனுக்குத் தெரியவில்லை. மூடியைக் கழற்றி மேசையில் மல்லாக்க வைத்தான். பெயரை மூடி மேல் எழுதினான். இரண்டு பிளேட்டின் மூடி மாறினால் இரண்டு நோயாளியும் மாறிப்போவார்கள். அவனுடைய ரெக்கார்டைப் புரட்டினேன். ஸ்கெட்ச் பேனாவில் வரைந்த நாலு கட்ட ஸ்ட்ரீக் படம், ஓரத்தில் பத்துக்குப் பத்து. கேட்டேன். "சார், நாங்க பார்ப்போம், லேப் அண்ணன்தான் செய்வாருங்க" என்றான். அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வருடம் ஒரு லூப்பை அவன் கையில் கொடுக்காமலே மார்க்கை மட்டும் கொடுத்தவர்கள் நாம்.

இப்படிப் படித்து வருகிறவர் நாளைக்குப் பவானியிலோ தாராபுரத்திலோ ஒரு சின்ன லேபில் உட்காருவார். அவர் எழுதும் யூரின் கல்ச்சர் ரிப்போர்ட்டைப் பார்த்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார்.

மருத்துவக் கல்வியாளர் ஜார்ஜ் மில்லர் 1990-ல் ஒரு பிரமிடு வரைந்தார்: அடியில் தெரியும், அதன் மேல் எப்படிச் செய்வது என்று தெரியும், அதன் மேல் செய்து காட்டுவது, உச்சியில் வேலையிடத்தில் செய்வது. வைவா அடி இரண்டு படியைத் தொடும். ரெக்கார்டு அதைக்கூடத் தொடாது, கையெழுத்தைத்தான் காட்டும். எம்.பி.பி.எஸ்.-இல் 2019-ல் வந்த திறன் சார்ந்த பாடத்திட்டம் கிராம் ஸ்டெயின், காசநோய்க் கிருமிக்கான அமிலப் பற்றுச் சாயம், மலப் பரிசோதனை மூன்றையும் மாணவர் தானே செய்து காட்டிச் சான்று பெற வேண்டிய திறன்களாக வைத்திருக்கிறது. நம் பி.எஸ்சி., எம்.எஸ்சி. பிள்ளைகள்தான் லேபில் போய் இதையே தொழிலாகச் செய்யப்போகிறவர்கள். அவர்களுக்கு இதைவிடக் குறைவாகக் கேட்கலாமா?

ரெக்கார்டுக்கு ஐந்து மார்க்குக்கு மேல் வேண்டாம். ஒவ்வொருவருக்கும் வேறு வேறு நம்பர் போட்ட கிருமி கொடுங்கள். ஐந்து நிமிடம் பக்கத்தில் நின்று கையைப் பாருங்கள். பிளேட்டின் அடியில் பெயர், ஆற விட்ட லூப், வேண்டிய அளவுக்கு மட்டும் திறந்த மூடி, வேலை முடிந்ததும் கழிவு எங்கே போகிறது. முடிவு தவறாக வந்தாலும், "என் கன்ட்ரோல் சரியாக வரவில்லை, இந்த முடிவை நம்பமாட்டேன்" என்று சொல்கிற பிள்ளைக்கு, பக்கத்து மேசையைப் பார்த்துச் சரியாக எழுதினவனைவிட அதிக மார்க் போடுங்கள்.

கேள்வி (பொள்ளாச்சி, லேப் உதவியாளர்): ஆனி, ஆடி மாதத்தில் பிளேட்டெல்லாம் பூஞ்சை வருகிறது. மாணவர்களுக்கு மார்க் போகிறது.

பதில்: பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக உங்கள் ஜன்னலில்தான் நுழைகிறது. ஜன்னலைச் சாத்துங்கள், ஃபேனை நிறுத்துங்கள், பத்து நிமிடம் தூசி படிய விடுங்கள், மேசையைத் துடையுங்கள். பர்னர் ஜுவாலை ஆடினால் வேலையைத் தொடங்கக்கூடாது. ஃபேனை ஓட விட்டது கல்லூரி என்றால் மாணவர் மார்க்கைக் குறைப்பது நியாயமில்லை.

கேள்வி (கரூர், ஆசிரியர்): ஒரே மாணவிக்கு நான் 18, எக்ஸ்டர்னல் 9. யார் சரி?

பதில்: சரிபார்ப்புத் தாள் இல்லாமல் போட்டிருந்தால் இரண்டுமே ஊகம்தான். தேர்வுக்கு முந்தின நாள் இருவரும் உட்கார்ந்து படிகளை எழுதுங்கள். பத்துப் பன்னிரண்டு போதும், முப்பது வேண்டாம். ஒவ்வொன்றும் "செய்தார், செய்யவில்லை" என்று கண்ணால் பார்த்துச் சொல்லக்கூடியதாக இருக்கட்டும். "நன்றாகக் கையாண்டார்" என்ற வரிதான் ஒன்பது மார்க் வித்தியாசத்தை உண்டாக்கும். அதில் இரண்டு மூன்று படிகளை உயிர்ப் படிகளாகக் குறியுங்கள். பெயர் எழுதாமல் விட்டால், வாயால் பிப்பெட் உறிஞ்சினால், மற்றது எப்படி இருந்தாலும் அந்த ஸ்டேஷன் தோல்வி. பிறகு முதல் இரண்டு மாணவர்களுக்கு இருவரும் சேர்ந்து நின்று, தனித்தனியாக மார்க் போட்டு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கேள்வி (பெருந்துறை, டி.எம்.எல்.டி. (லேப் டெக்னாலஜி டிப்ளமோ) மாணவர்): காசநோய்க்கான சளி ஸ்லைடில் 20 ஃபீல்டு (மைக்ராஸ்கோப்பில் ஒரு தடவை தெரியும் வட்டம்) பார்த்து நெகட்டிவ் என்று எழுதினேன். போதாதா?

பதில்: போதாது. காசநோய் சானடோரியத்தால் பெயர் பெற்ற ஊரில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா தம்பி? 20 ஃபீல்டோடு நிறுத்துவது ஃபீல்டுக்குப் பத்துக் கிருமிக்கு மேல் நிறைந்து கிடக்கும் 3+ (மிக அதிகம்) ஸ்லைடுக்கு. நெகட்டிவ் என்று எழுத 100 ஃபீல்டு. அந்த நூறில் ஒன்றிலிருந்து ஒன்பது கிருமி கிடைத்தால் எண்ணிக்கையை அப்படியே எழுது.

கேள்வி (நாமக்கல், ஆசிரியர்): தேர்வுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து நோயாளி சாம்பிள் வாங்கலாமா? கோழிப் பண்ணையிலிருந்து?

பதில்: வேண்டாம். உள்ளே என்ன இருக்கிறது என்று உங்களுக்கே தெரியாத சாம்பிளை வைத்து எப்படி மார்க் போடுவீர்கள்? அடையாளம் தெரிந்த ஸ்டாக் கல்ச்சரில் நீங்களே தயாரியுங்கள். 0.5 மெக்ஃபார்லாண்டு (கிருமிக் கலங்கலின் அளவுகோல்) கலங்கலை ஆயிரம் மடங்கு நீர்த்தால் ஒரு மில்லிக்கு ஏறக்குறைய ஒன்றரை லட்சம் கிருமி. 1 மைக்ரோலிட்டர் லூப்பில் போட்டால் மறுநாள் 150 காலனி சொச்சம். மில்லிக்கு எத்தனை என்று அறிய ஆயிரத்தால் பெருக்க யாருக்குத் தெரிகிறது என்று பார்த்துவிடலாம். காசநோய்க்கு உயிருள்ள எதுவும் வேண்டாம், ஃபிக்ஸ் செய்து சாயமேற்றிய ஸ்லைடு மட்டும். முடிந்ததும் பிளேட்டெல்லாம் அங்கேயே ஆட்டோகிளேவுக்கு (நீராவி அழுத்தத்தில் கிருமியைக் கொல்லும் கலன்) போக வேண்டும்; 2016 மருத்துவக் கழிவு விதியும் அதைத்தான் சொல்கிறது. கோழிப் பண்ணை சாம்பிளுக்கும் இதே பதில்தான்.

கேள்வி (கோவை, எம்.எஸ்சி. மாணவர்): ஜோன் சரியாக வரவில்லை. ஏன்?

பதில்: எந்த மருந்து, எந்த கிருமி, எந்த மீடியம்? ஒன்றும் இல்லாமல் ஒரு வரி. முல்லர்-ஹின்டன் அகார் மீடியம் 4 மி.மீ. ஆழம் இருக்கிறதா என்று அள. மெல்லியதாக இருந்தால் ஜோன் பெரிதாகும், தடித்தால் சுருங்கும். கலங்கலைத் தயாரித்த 15 நிமிடத்துக்குள் ஸ்வாப் செய், அடுத்த 15 நிமிடத்துக்குள் டிஸ்க் வை. கன்ட்ரோலுக்கு ஏடிசிசி 25922 என்ற எண் கொண்ட தர ஈ.கோலையையும் கூடவே போடு. அதன் ஜோன் அளவு வரம்புக்குள் இருந்தால் மட்டும் மீண்டும் எழுது. பெயரை பிளேட்டின் அடியில் எழுது, மூடியில் அல்ல.

கேள்வி (சத்தியமங்கலம், லேப் டெக்னீஷியன்): ஆக்சிடேஸ் சோதனை எல்லாக் கிருமிக்கும் பாசிட்டிவ் வருகிறது.

பதில்: நிக்ரோம் கம்பி லூப்பில் எடுக்கிறீர்கள் போல. அந்த உலோகமே பொய்யாகப் பாசிட்டிவ் காட்டும். மரக்குச்சியால் எடுங்கள், பத்து நொடிக்குள் வந்ததை மட்டும் எண்ணுங்கள்.

கேள்வி (உடுமலை, ஒரு தாய்): என் மகளுக்கு இடது கைப் பழக்கம். லூப்பை வலது கையில்தான் பிடிக்க வேண்டும் என்று மிரட்டுகிறார்களாம். மார்க் போகுமா?

பதில்: போகக்கூடாதுங்க அம்மா. எந்தச் சரிபார்ப்புத் தாளிலும் வலது கை என்று ஒரு படி இருக்கக்கூடாது. இருந்தால் அந்தப் படியை அடித்து நீக்க வேண்டும். தேர்வு தொடங்கும் முன்பே தேர்வாளரிடம் சொல்லி, பர்னரைத் தன் இடப்பக்கத்துக்கு நகர்த்திவைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். நெருப்பைத் தாண்டிக் கையை நீட்டி வேலை செய்தால்தான் ஆபத்து. ஆசிரியர் யாராவது மறுத்தால் இந்தப் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள்.