அலாரம் அடிக்காததைக் கண்டுபிடித்தவளை ஏன் அமெரிக்காவுக்குத் துரத்துகிறீர்கள்?

கொளத்தூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். மகள் கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம். நான்கு பேர் சேர்ந்து, வயதானவர்களுக்கு மாத்திரை நேரத்தை நினைவூட்டும் ஆப் ஒன்றைப் புராஜெக்டாகச் செய்கிறார்கள். இரண்டாம் ரிவ்யூ முடிந்தும் ஆப் முழுசாக ஓடவில்லை. மற்ற மூவரும் புரோகிராம் கோடு எழுத, இவள் மட்டும் வீட்டிலுள்ள பழைய போன்களில் எல்லாம் அதைப் போட்டுப் பார்த்து, எங்கே சொதப்புகிறது என்று எக்செலில் குறித்துக்கொண்டிருக்கிறாளாம். ‘குறை மட்டும்தான் கண்டுபிடிக்கிறாள் சார், கோடு எழுதவே வராதோ?’ என்பது அம்மாவின் கவலை. நியூஜெர்சி மச்சினர் அதற்குள் வழி சொல்லிவிட்டார்: புராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கிக் கொடுத்துவிடுங்கள், பெண் ஜிஆர்இ நுழைவுத் தேர்வுக்குப் படிக்கட்டும், வீட்டுப் பத்திரத்தை வைத்து லோன் போட்டால் எம்எஸ் முடித்துவிடலாம்.

அம்மா, இரண்டாம் ரிவ்யூவில் ஆப் பாதிதான் ஓடும். அநேகமாக எல்லா டீமிலும் இதே கதைதான், அதை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் உங்கள் வீட்டில் போட்டிருக்கும் திட்டம் எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நீங்கள் அனுப்பிய எக்செலைப் படித்தேன். அலாரம் சில போன்களில் அடிக்கவில்லை. ஏன் என்று உங்கள் மகள் மூன்று காரணங்களைத் தனித்தனியாகப் பிரித்து வைத்திருக்கிறாள். ஆண்ட்ராய்டு 13-லிருந்து அறிவிப்பு காட்டவே பயனரிடம் அனுமதி கேட்க வேண்டும். இவர்கள் ஆப் கேட்கவில்லை. ஆண்ட்ராய்டு 14-ல் சொன்ன நிமிடத்தில் அடிக்கும் அலாரத்துக்கான அனுமதி புதிதாகப் போடும் ஆப்புக்குத் தானாகக் கிடைக்காது. மூன்றாவது, பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று சில கம்பெனி போன்கள் பின்னணியில் ஓடும் ஆப்பையே நிறுத்திவிடுகின்றன. எந்த போன், எந்த வெர்ஷன், என்ன செய்தால் திரும்ப அதே தப்பு வருகிறது என்பதுவரை எழுதியிருக்கிறாள். சர்க்கரை மாத்திரை போடும் ஒரு பாட்டிக்கு அந்த ஆப்பில் வேறு எது இருந்து என்ன பயன்? கடையில் வாங்கின புராஜெக்டில் இந்த எக்செல் வராது. வைவாவிலும் சரி, நாளை இன்டர்வியூவிலும் சரி, ‘இதில் நீ என்ன செய்தாய்’ என்பதுதான் முதல் கேள்வி.

கேம்பஸ், கேட், எம்பிஏ பற்றியெல்லாம் ஆளுக்கு ஆள் சொல்லியிருப்பார்கள், விடுகிறேன். உங்கள் மகளுக்கு நான் சொல்வது சாஃப்ட்வேர் டெஸ்டிங். அதிலும், மாற்றுத்திறனாளிகளால் ஒரு ஆப்பைப் பயன்படுத்த முடிகிறதா என்று சோதிக்கும் அக்சஸிபிலிட்டி டெஸ்டிங்.

இன்றைக்கே அவள் தொடங்கலாம், செலவில்லை. போனில், திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் டாக்பேக்கை ஆன் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, அவர்கள் ஆப்பில் ஒரு மாத்திரையைச் சேர்க்கச் சொல்லுங்கள். பட்டனுக்குப் பெயர் கொடுக்காமல் விட்டிருந்தால், அது என்ன பட்டன் என்றே குரல் சொல்லாது. ‘சேமி’ எது, ‘அழி’ எது என்று யாருக்குத் தெரியும்? தொடும் இடம் 48 டிபி (ஆண்ட்ராய்டு திரையை அளக்கும் அலகு) அளவாவது இருக்கச் சொல்கிறது கூகுள். நடுங்கும் விரலுக்கு அது வேண்டும். சாதாரண எழுத்துக்கும் பின்னணிக்கும் நிற வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்கிறது டபிள்யூசிஏஜி என்ற இணைய அணுகல் வழிகாட்டி. அதன் 2.2 பதிப்பு 2023 அக்டோபரில் வந்தது, இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். கூகுளின் அக்சஸிபிலிட்டி ஸ்கேனர் ஆப் சில தப்புகளைக் காட்டிக்கொடுக்கும். மீதியை மனிதர்கள்தான் சொல்ல வேண்டும். மாநிலக் கல்லூரியில் பார்வையற்ற மாணவர்கள் படிக்கிறார்கள். இரண்டு பேரைக் கேட்டு, சம்மதித்தால் உட்கார வைத்துப் பார்க்கட்டும். அவர்கள் நேரத்துக்குக் காசு கொடுக்கச் சொல்லுங்கள், ஓசியில் வேண்டாம்.

இதற்கு வேலை இருக்கிறதா என்பீர்கள். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-லேயே வந்துவிட்டது. 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் அணுகலை வாழும் உரிமையோடு சேர்த்துப் பேசியது. அதே ஆண்டு ஜூலையில், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி, தன் கீழுள்ள நிறுவனங்களின் இணையதளங்களும் ஆப்களும் இந்தச் சட்டத்துக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. சோதித்துச் சொல்ல ஆள் வேண்டுமே. ஆனால் இந்தப் பெயரிலேயே ஃப்ரெஷருக்குப் போஸ்ட் அதிகம் இருக்காது. பொது டெஸ்டராக உள்ளே போய்த்தான் இந்தப் பக்கம் திரும்ப முடியும். அதற்கு டெஸ்டர்களுக்கான ஐஎஸ்டிகியூபி ஃபவுண்டேஷன் பரீட்சை உதவும்: 40 கேள்வி, 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் பாஸ். சான்றிதழை மட்டும் காட்டி வேலை கேட்க முடியாது. ஆப்பைத் தானாகவே ஓட்டிச் சோதிக்கும் ஆப்பியம் என்ற கருவியை வைத்து ஆட்டோமேஷன் செய்ய ஜாவாவோ பைத்தானோ எழுதத் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் பயத்தில் அந்த அளவுக்கு நியாயம் உண்டு. ‘நூறு சதவீத பிளேஸ்மென்ட்’ என்று போர்டு போட்ட கோர்ஸ் எதற்கும் பணம் கட்டாதீர்கள்.

எம்எஸ் விஷயத்தில் நான் கறாராகவே சொல்கிறேன். கல்விக் கடன் ஏழரை லட்சத்தைத் தாண்டினால் வங்கிகள் பொதுவாகச் சொத்தை ஈடாகக் கேட்கும். படிக்கும் காலத்திலும் வட்டி ஏறும். அமெரிக்காவில் வகுப்பு நடக்கும் மாதங்களில் கேம்பஸுக்குள் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது. படிப்பு முடிந்த பிறகு வேலை அனுமதி ஒரு வருடம், இவள் துறைக்கு இன்னும் 24 மாதம் நீட்டிக்கலாம். அதற்குள் வேலை விசா அமையாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான், இஎம்ஐ கொளத்தூர் வீட்டுக்கு வரும். அவளே ஆசைப்பட்டுக் கேட்டிருந்தால் வேறு மாதிரி பேசியிருப்பேன். உங்கள் கடிதத்தில் அவள் கேட்டதாக ஒரு வரிகூட இல்லை.

கடைசி ரிவ்யூவுக்கு முன் ஆப்பை ப்ளே ஸ்டோருக்குக் கொண்டுபோகப் பார்க்கட்டும். கணக்குத் தொடங்க ஒரே முறை 25 டாலர், நான்காகப் பிரித்தால் பெரிய காசில்லை. புதிய தனிநபர் கணக்கு என்றால் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருந்த பிறகுதான் வெளியிட விண்ணப்பிக்க முடியும், அதனால் இந்த வாரமே ஆள் பிடிக்க வேண்டும். பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். மச்சினர் கேட்டால் என் நம்பரைக் கொடுங்கள், நான் பேசிக்கொள்கிறேன்.